வேகம் யாருக்காக?

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் நாற்கரச் சாலை, நமது சமவெளியின் பொருளாதாரத்தை விளக்கும் பாடநூலைப் போன்றது. முட்டை ஏற்றிய லாரிகள், எரிவாயு டேங்கர்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள், பள்ளி, கல்லூரிப் பேருந்துகள் என்று நம் மக்கள் எதைக் கொண்டு வாழ்கிறார்கள் என்பதை அச்சாலை வரிசையாகச் சொல்லிவிடும். கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் அந்த வரிசையில் மற்றொன்றும் சேர்ந்துகொண்டது. ஆறு அல்லது ஏழு பேர் அமரக்கூடிய, பின்புறம் சாமான் வைக்க இடமுள்ள, அதே வேளையில் முன்னால் செல்லும் லாரியைத் தயங்காமல் முந்தும் திறனும் வாய்த்த குடும்ப வண்டிதான் அது.

மோட்டார் வண்டிகளின்மீது தீராக் காதல் கொண்டோரின் பேச்சிலும் இந்த மாற்றத்தைக் காண்கிறேன். ஒரு காலத்தில் தாழ்வான உடலும் இரண்டே கதவுகளும் கொண்ட பந்தய வண்டியின் படத்தை அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்த என் பழைய மாணவர்கள், இன்று வேறு கேள்விகளைக் கேட்கிறார்கள். பாட்டி முழங்காலை அதிகம் மடக்காமல் ஏறி அமர முடியுமா? குலதெய்வக் கோயிலுக்குப் போகும்போது பொங்கல் பானையும் அரிசி மூட்டையும் டிக்கியில் அடங்குமா? இத்தனையும் ஏற்றிய பிறகும் பிக்கப் குறையாமல் இருக்குமா? பயனும் விரைவும் ஒரே வண்டியில் வேண்டும் என்பதே இந்தக் கேள்விகளின் சாரம்.

மேலை நாடுகளில் இந்த ரசனை முன்பே முற்றியிருந்தது. 1994-இல் பிரிட்டனின் கார் பந்தயத் தொடரில் வோல்வோ நிறுவனம் தன் நீண்ட குடும்ப வண்டியையே களமிறக்கியது. அதே ஆண்டில் ஔடி நிறுவனம் போர்ஷேயுடன் சேர்ந்து, மளிகைச் சாமானும் ஏற்றலாம், பந்தய வண்டிக்கு ஈடுகொடுத்தும் ஓட்டலாம் என்னும்படியான ஒரு வண்டியைச் செய்தது. நம் ஊரில் இப்போதுதான் இந்த ரசனை வேர்விடுகிறது. ஏன் இத்தனை தாமதம் என்று ஆராயப் புகுந்தால், நம் மண்டலத்தைச் சேர்ந்த ஒரு மனிதரின் வாழ்க்கையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவர் ஜி.டி. நாயுடு.

இந்தியாவின் எடிசன் என்று அவரைப் பாராட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. பத்தடி உயரப் பருத்திச் செடி வளர்த்தவர், மின்சவரக் கருவி செய்தவர், அதிசய மனிதர் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம். அவை மெய்தான். ஆயினும் அந்த அதிசயங்களின் பட்டியல் அவருடைய வாழ்வின் மையக் கருத்தை மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். பொருளியல் படித்தவன் என்ற முறையில் அவரை நான் வேறொரு கோணத்தில் பார்க்கிறேன். சாதாரண மக்களின் நேரத்துக்கு விலை உண்டு என்பதை உணர்ந்து, அதை மிச்சப்படுத்தித் தருவதையே தொழிலாகக் கொண்டவர் அவர்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று, கோவை மாவட்டம் சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. படிப்பு தொடக்க நிலையிலேயே நின்றுபோனது. வயலில் வேலை செய்துகொண்டு, கையில் கிடைத்த தமிழ் நூல்களைப் படித்து வளர்ந்த அந்த இளைஞரின் போக்கை மாற்றியது ஒரு மோட்டார் சைக்கிள். லங்காஷயர் என்றும் லங்காஸ்டர் என்றும் ஊரார் பலவாறு சொல்லும் ஒரு வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி, ரட்ஜ் என்ற நிறுவனத்தின் வண்டியில் அவ்வழியே வந்தார். மாடோ குதிரையோ இல்லாமல், தன் வயிற்றுக்குள் எதையோ எரித்துக்கொண்டு ஓடும் அந்த இயந்திரம் அவரை ஆட்கொண்டது.

அந்த வண்டியைப் பார்த்து வியந்தவர்கள் பலர் இருந்திருப்பர். நாயுடு வியப்போடு நிற்கவில்லை. அதை வாங்கியே தீர்வது என்று முடிவு செய்து கோவைக்குப் போனார். அங்கே ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சம்பளத்தில் காசு காசாகச் சேமித்து, சில ஆண்டுகளுக்குப் பின் 300 ரூபாய் கொடுத்து அதே வண்டியை வாங்கினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். வாங்கியவர் முதலில் செய்தது அதை ஓட்டுவதன்று. ஒவ்வொரு திருகாகக் கழற்றி, தரையில் பரப்பி, மீண்டும் பூட்டினார். மெக்கானிக் ஆனதற்கு அவர் பெற்ற பட்டயம் அது ஒன்றுதான்.

வண்டிப் பித்தும் வணிக ஆசையும் அவரிடம் சேர்ந்தே இருந்தன. பருத்தி வியாபாரத்தில் இறங்கிப் பணம் பார்த்தார். பிறகு பம்பாய் சென்று, அந்தக் காலத்துப் பருத்திச் சந்தையின் ஏற்ற இறக்கங்களில் சிக்கிக் கையிருப்பை இழந்து திரும்பினார். ஊகச் சந்தையில் தோற்றவர்கள் பலர் மீண்டும் அதே சந்தைக்குத்தான் போவார்கள். அவரோ மோட்டாருக்குத் திரும்பினார். கோவையின் தொழில் முன்னோடியான ராபர்ட் ஸ்டேன்ஸ் கை கொடுத்தார். 1920-ஆம் ஆண்டில் ஒரே ஒரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார் நாயுடு. ஓட்டுநரும் அவரே.

அந்த வழித்தடத்தைத் தேர்ந்ததிலேயே அவருடைய பொருளியல் அறிவு வெளிப்படுகிறது. அப்போது பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு இரயில் இல்லை. இடையே அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடக்கும் மாட்டு வண்டியில் போனால், மாட்டுக்கு ஓய்வும் தீவனமும் கொடுத்துப் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். பழனிக்குப் போகிறவர்களோ பக்தர்கள். குழந்தைகளுக்கு முடியெடுக்கவும் காணிக்கை செலுத்தவும் குடும்பத்தோடு மூட்டை முடிச்சுகளுடன் போகிறவர்கள். உழவருக்கு இரண்டு நாள் பயணம் என்றால் இரண்டு நாள் வயல் வேலை போயிற்று என்று பொருள். பேருந்துக் கட்டணத்தைக் கொடுத்துச் சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தவர்கள், அந்தக் கட்டணத்தைக் கொண்டு தங்கள் வேலை நாளை மீட்டுக்கொண்டார்கள். சொந்தமாக வண்டி வாங்க இயலாத ஒரு சமூகத்துக்கு அந்தப் பேருந்தே குடும்ப வண்டியாக இருந்தது.

யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., என்ற பெயரில் அந்நிறுவனம் வளர்ந்தது. ஒற்றைப் பேருந்தில் தொடங்கி, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான பேருந்துகளைக் கொண்டதாகவும், நாட்டிலேயே மிகத் திறமையாக நடத்தப்பட்ட போக்குவரத்து நிறுவனங்களுள் ஒன்றாகவும் பெயர் பெற்றது. தெற்கே மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் எதைச் சாதித்தாரோ, மேற்கே கோவையில் அதை நாயுடு சாதித்தார். குறித்த நேரத்தில் புறப்பட்டு, குறித்த நேரத்தில் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையை இவ்விருவரும் மக்களுக்கு ஊட்டினார்கள். பேருந்தின் வேகம் என்பது பாதையில் அது எவ்வளவு சீறுகிறது என்பதில் இல்லை. நிறுத்தத்தில் ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் அதைக் கணக்கிட வேண்டும். இந்த எளிய உண்மையைப் பொருளியல் ஏடுகள் பின்னாளில்தான் முறையாக எழுதின. குடும்பம் என்பது பொருள்களையும் நேரத்தையும் கலந்து தனக்கு வேண்டியதை ஆக்கிக்கொள்ளும் ஒரு சிறு தொழிற்சாலை என்ற கருத்தைக் கேரி பெக்கர் வெளியிட்டது 1965-இல். பொள்ளாச்சிச் சாலையில் அந்தக் கணக்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறையில் இருந்தது.

இந்த ஒரு சரட்டைப் பற்றிக்கொண்டு பார்த்தால், தொடர்பற்றவையாகத் தோன்றும் அவருடைய மற்ற முயற்சிகளும் ஒரே மாலையில் கோக்கப்படுகின்றன. சிறிய மோட்டாரில் இயங்கும் சவரக் கருவி, காலை நேரத்தில் சில நிமிடங்களை மிச்சப்படுத்துவது. வாக்குப் பதிவு இயந்திரம், எண்ணும் நேரத்தைக் குறைப்பது. பழச்சாறு பிழியும் கருவி, அடுக்களையில் பெண்களின் கைவேலையைக் குறைப்பது. ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தன்னால் செய்து தர முடியும் என்று 1941-இல் அறிவித்தார். அவருடைய யு.எம்.எஸ். தொழிற்சாலையிலிருந்துதான் 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவின் மின்மோட்டார் வெளிவந்தது. கோவை மோட்டார் பம்புகளின் நகரமானதற்கு அது ஒரு தொடக்கம். சேலம், நாமக்கல் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் கமலை இறைத்துக்கொண்டிருந்த உழவர்கள் பிற்பாடு அந்தப் பம்புகளால் பெற்ற ஓய்வு நேரத்தை யாரும் கணக்கிட்டுப் பார்த்ததில்லை.

1944-இல் மோட்டார் தொழிலின் அன்றாட நிர்வாகத்திலிருந்து விலகிக்கொண்ட அவர், ஆராய்ச்சி உதவித் தொகைகளையும் தொழிலாளர் நலத் திட்டங்களையும் அறிவித்தார். அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் 1945-இல் அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. இன்றும் அவிநாசி சாலையில் ஹோப் காலேஜ் என்ற நிறுத்தத்தில் பேருந்துகள் நிற்கின்றன. அக்கல்லூரி இப்போது வேறு இடத்தில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இயங்குகிறது. அங்கும் நேரத்தின்மீதே அவருக்குக் கண். நான்கு ஆண்டுப் படிப்பு மாணவர்களின் வாழ்நாளை வீணாக்குகிறது, அதை இரண்டு ஆண்டுகளில் கற்பித்துவிடலாம் என்று வாதிட்டார். அரசு இணங்கவில்லை, கல்லூரிப் பொறுப்பிலிருந்து அவர் விலகினார். வாழ்நாள் முழுதும் வகுப்பறையில் கழித்தவன் என்ற முறையில், இரண்டு ஆண்டு போதும் என்ற அவருடைய முடிவை நான் ஏற்கமாட்டேன். ஆனால் ஒரு மாணவனின் நான்கு ஆண்டுகளுக்கு என்ன விலை என்று கல்வி நிறுவனங்களைக் கேட்க அவருக்கு இருந்த துணிவு எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி 1952-க்கு வருவோம். அந்த ஆண்டில் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை நாயுடு உருவாக்கினார். அதன் விலை ஏறத்தாழ 2,000 ரூபாய். அந்நாளில் சந்தையில் விற்ற கார்களின் விலையில் அது ஒரு சிறு பங்கே. பெருமளவில் அதைத் தயாரிக்க உரிமம் வேண்டினார். அரசு மறுத்தது. கார் அதோடு நின்றது.

அந்த ஆண்டு தற்செயலாக அமைந்ததன்று. தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் 1951-இல் இயற்றப்பட்டு, 1952 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் எந்தப் பொருளை, எவர், எந்த ஊரில், எவ்வளவு தயாரிக்கலாம் என்பதைத் தில்லியில் இருந்த அலுவலகங்கள் முடிவு செய்தன. அடுத்த ஆண்டு சுங்கவரி ஆணையத்தின் அறிக்கை வந்தது. உள்நாட்டிலேயே வண்டியை முழுமையாகச் செய்யும் திட்டம் இல்லாதவர்கள் வெளியேற வேண்டும் என்ற கொள்கை உறுதியானது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. எஞ்சிய விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களுக்குப் போட்டி இல்லாத சந்தை கிடைத்தது.

அரசின் பக்கத்து நியாயத்தையும் சொல்வதுதான் முறை. விடுதலை பெற்ற நாட்டில் எஃகு பற்றாக்குறை. அந்நியச் செலாவணியும் பற்றாக்குறை. இருக்கும் எஃகைக் காருக்குக் கொடுப்பதா, லாரிக்கும் பேருந்துக்கும் டிராக்டருக்கும் கொடுப்பதா என்ற கேள்வி எழுந்தபோது, பேருந்துக்கே முதலிடம் என்று முடிவெடுத்ததில் தவறு காண இயலாது. பேருந்து முதலாளியான நாயுடுவே அதை மறுத்திருக்கமாட்டார். 2,000 ரூபாயில் கட்டுப்படியாகும் கார் ஒன்றை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் செய்ய முடியுமா என்ற ஐயமும் நியாயமானதே. மாதிரி வண்டி ஒன்றைச் செய்வது வேறு, தொழிற்சாலையில் வரிசையாகச் செய்வது வேறு.

என் மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. அந்தக் கார் கட்டுப்படியாகுமா என்பதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அதைச் செய்து விற்றுப் பார்ப்பதுதான். விற்காவிட்டால் நட்டம் நாயுடுவுக்கு. பம்பாயில் ஒருமுறை தன் பணத்தை இழந்து, எழுந்து வந்தவர்தான் அவர். தன் சொந்தப் பணத்தில் ஒன்றை முயன்று பார்க்கும் உரிமையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டபோது, அந்த முயற்சியால் பயன்பெற்றிருக்கக்கூடிய லட்சக்கணக்கானவர்களின் உரிமையும் சேர்ந்தே போனது. உரிம முறையைப் பற்றிய பாடத்தை நான் நடத்தும்போதெல்லாம், இழப்புகளில் கண்ணுக்குத் தெரிபவை சில, தெரியாதவை பல என்று சொல்வது வழக்கம். மூடப்பட்ட ஆலையைப் படம் பிடிக்கலாம். திறக்கப்படாமலேயே போன ஆலையை யார் படம் பிடிப்பது?

திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஜப்பானின் ஹமாமட்சு நகரில் 1909-இல் மிச்சியோ சுசூகி என்பவர் தறி செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். கோவையைப் போலவே அதுவும் நெசவோடு பிணைந்த இயந்திரத் தொழில் ஊர். நாயுடுவுக்கு உரிமம் மறுக்கப்பட்ட அதே 1952-இல்தான் சுசூகி நிறுவனம் சைக்கிளில் சிறு மோட்டார் பூட்டி விற்கத் தொடங்கியது. 1955-இல் சுசூலைட் என்ற சிறிய காரைக் கொண்டுவந்தது. சிறு கார்களுக்கென்று தனி வகையை வகுத்து, அந்நாட்டு அரசு அவற்றை ஊக்குவித்தது. அந்தத் தறிப் பட்டறையின் வழித்தோன்றலோடு நம் அரசே 1982-இல் ஒப்பந்தம் செய்து, 1983 டிசம்பரில் மாருதி 800 காரை வெளியிட்டது. விலை 50,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கோவையில் தடுத்த ஒன்றை, முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து ஜப்பானிலிருந்து வரவழைத்துக்கொண்டோம்.

இருவர் மட்டும் அமரும் வண்டி எப்படிக் குடும்ப வண்டியாகும் என்று கேட்கலாம். சிறிய வண்டிகளின் வரலாறு அதற்கு விடை சொல்கிறது. பிரான்சில் 1948-இல் சித்ரோயன் நிறுவனம் காட்சிக்கு வைத்த 2சிவி, நாட்டுப்புற உழவர்களுக்காகவே திட்டமிடப்பட்டது. உழுத வயலில் ஒரு கூடை முட்டையை உடையாமல் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அதை வடிவமைத்தவர்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை என்று சொல்வார்கள். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்காரர்களுக்கு அந்த நிபந்தனையின் அருமை சொல்லாமலே விளங்கும். பிரிட்டனில் 1959-இல் மினி கார் வந்தது. மறு ஆண்டே அதன் பின்புறத்தை நீட்டிச் சாமான் வைக்கும் குடும்ப வண்டியாக்கினார்கள். 1964-இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த மினி கூப்பர், மான்டே கார்லோ பந்தயத்தில் பெரிய வண்டிகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளி வென்றது. மலிவான சிறு வண்டி ஒன்று சந்தைக்கு வந்துவிட்டால் போதும். அதை நீட்டுவதும் அகலமாக்குவதும் விரைவுபடுத்துவதும் பயன்படுத்துவோரின் தேவையால் தானே நடக்கும். ஒரு தலைமுறை அதை ஓட்டிப் பழகும். அடுத்த தலைமுறை அதன்மீது காதல் கொள்ளும். நம் நாட்டில் அந்த முதல் தலைமுறையே தவறிப்போனது.

நம் சமவெளியில் அந்தத் தவறிய காலத்தை வேறு ஒன்று நிரப்பியது. மழையை நம்பிய நிலத்தில் பிழைக்க வழியின்றித் திணறிய நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு உழவர்கள் லாரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு லாரியைப் பங்கு போட்டு வாங்கி ஓட்டினார்கள். தச்சரும் கொல்லரும் சேர்ந்து லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளை எழுப்பினார்கள். நாடெங்கிலுமிருந்து இங்கு வந்து கூண்டு கட்டிக்கொண்டு போகும் அளவுக்கு அந்தத் தொழில் ஓங்கியது. நாயுடுவிடம் இருந்த அதே கைத்திறனும் அதே துணிவும்தான் இவர்களிடமும் இருந்தன. உரிம முறை விட்டுவைத்த இடைவெளி லாரியில் இருந்ததால் அங்கே பாய்ந்தார்கள். பிள்ளைகுட்டிகளோடு கோயிலுக்குப் போக வேண்டுமென்றால், அந்த லாரியிலோ டிராக்டரிலோதான் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிளசர் கார் என்று நம் ஊரில் காருக்கு வழங்கிய பெயரே அதன் இடத்தைச் சொல்லும். அது பண்ணையார் வீட்டு இன்பப் பொருள், பயன்பாட்டுப் பொருளன்று.

பேருந்துத் தொழிலும் பிற்காலத்தில் பெரும்பாலும் அரசின் கைக்கு மாறியது. 1972-இல் கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகமும், 1973-இல் சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகமும் அமைந்தன. மலைக் கிராமங்களுக்கும் குக்கிராமங்களுக்கும் பேருந்து போனதற்கு அந்தக் கழகங்களே காரணம். இலாபத்தை மட்டும் பார்க்கும் முதலாளி அங்கெல்லாம் போயிருக்கமாட்டார். அந்த நன்மையை நாம் மறக்கலாகாது. 1974 ஜனவரி 4 அன்று நாயுடு காலமானார். தன் பேருந்து யுகம் முடிந்துவிட்டதைக் கண்டவர், தான் கனவு கண்ட சிறிய காரின் யுகம் பிறப்பதைக் காணவில்லை. கார் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்ற நிலை 1993-இல்தான் வந்தது. அதன் பின்னரே 2000-இல் குவாலிஸ், 2005-இல் இன்னோவா, 2012-இல் எர்டிகா என்று பெரிய குடும்பங்களுக்கேற்ற வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. இன்றைய இளைஞர்களின் ரசனை இந்த வரிசையின் கனி.

அந்த ரசனையை நான் வரவேற்கிறேன். அதன் பொருட்டே இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, வண்டி ஓட்டுவோருக்கு. வேகம் என்பது வண்டிக்குள் அமர்ந்திருப்போரின் நேரத்தை மிச்சப்படுத்துவதற்கு உரியது. சேலத்திலிருந்து கோவை மருத்துவமனைக்கு அன்னையை அழைத்துப் போய், அன்றே திரும்பி, மறுநாள் காலையில் தறிப் பட்டறையைத் திறக்க ஒருவரால் முடிகிறதென்றால் அந்த வேகம் செல்வம். தொப்பூர்ச் சரிவில் பக்கத்து வண்டிக்காரரிடம் தன் வண்டியின் வலிமையைக் காட்டுவதற்காக அழுத்தப்படும் வேகம், மிச்சப்படுத்துவதாகத் தோன்றும் ஐந்து நிமிடத்துக்குப் பணயமாக ஏழு பேரின் ஆயுளை வைக்கிறது. எந்தக் கணக்குப் பதிவேட்டிலும் அந்த வரவு செலவு நேராகாது. குடும்ப வண்டிக்கு வேகம் கூடக் கூட, அதை ஓட்டுபவருக்கு நிதானமும் கூட வேண்டும்.

இரண்டாவது, ஆள்வோருக்கு. இப்போது மோட்டார் தொழில் மின்சாரத்தை நோக்கித் திரும்பியிருக்கிறது. 1952-ஐப் போலவே இதுவும் ஒரு தொடக்கக் காலம். சேலம், நாமக்கல், கோவைப் பட்டறைகளில் சிறிய மின்வண்டிகளைச் செய்து பார்க்கும் கைத்திறன் நிறைந்தவர்கள் இருக்கிறார்கள். வண்டியின் தடை பிடிக்க வேண்டும், மின்கலம் தீப்பற்றக் கூடாது, கூண்டு நொறுங்கக் கூடாது என்று அரசு தரவிதிகளை வகுப்பது கட்டாயம் தேவை. அந்த விதிகள் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் நல்லதே. ஆனால் தரத்தைச் சோதிப்பது வேறு, முயற்சிக்கே அனுமதி கேட்க வைப்பது வேறு. சோதனைக்கான கட்டணமும் காலதாமதமும் பெரிய நிறுவனங்களால் மட்டுமே தாங்கக்கூடியவையாக இருந்தால், உரிம முறை வேறொரு பெயரில் திரும்பி வந்துவிட்டதென்றே பொருள். சிறு பட்டறைக்காரர்களும் எட்டிப் பிடிக்கும் தொலைவில், குறைந்த கட்டணத்தில், குறித்த நாளுக்குள் முடிவு சொல்லும் சோதனைக்கூடம் ஒன்று இந்தச் சமவெளியில் அமைந்தால், அது நாயுடுவுக்கு நாம் எழுப்பும் நல்ல நினைவுச் சின்னமாக இருக்கும்.

கோவை அவிநாசி சாலையில் அவர் பெயர் தாங்கிய கண்காட்சியும், பழைய கார்களின் அருங்காட்சியகமும் இருக்கின்றன. விடுமுறை நாள்களில் சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகிறார்கள். ஏழு பேர் ஏறிய வண்டியில் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் போய், பார்த்துவிட்டு, இருட்டும் முன் வீடு திரும்பிவிட முடிகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அவருடைய அதிசயங்களோடு, வெளிவராமல் நின்றுபோன அந்த 2,000 ரூபாய்க் காரின் கதையையும் பெற்றோர் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் நாளை ஒரு வண்டி செய்யக்கூடும்.